தாமஸ் நாக்ஸின் ‘சிறுவர் பயணிகள்’ தொகுதிகள்: எந்தப் பிரதி, எது கண்ணால் கண்டது, எது ஒட்டுவேலை?

#1 ஏடுதேடி

தாமஸ் வாலஸ் நாக்ஸ் (1835–1896). நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்த அமெரிக்கப் பத்திரிகையாளர். ‘பாய் டிராவலர்ஸ்’ வரிசையில் 15 தொகுதி எழுதியவர். எல்லாம் நியூயார்க் ஹார்ப்பர் அண்ட் பிரதர்ஸ் வெளியீடு. ஃபிராங்க் பாஸெட், ஃபிரெட் பிரான்சன் என்று இரண்டு பையன்கள், கூடவே ஃபிரெட்டின் பெரியப்பாவோ சித்தப்பாவோ ஆன டாக்டர் பிரான்சன். மூவரும் உலகம் சுற்றுவார்கள். மூன்றாம் தொகுதி இலங்கை, இந்தியா. கூடவே போர்னியோ, பிலிப்பைன்ஸ், பர்மா.

அந்தத் தொகுதியிலிருந்து சில அத்தியாயங்களை 12–14 வயதுப் பிள்ளைகளுக்காகத் தமிழாக்கி, குறிப்புகளோடு தருவது திட்டம். மூன்று கேள்வி:

ஒன்று, பட்டியல்களில் ஒரே தொகுதிக்கு 1881 என்றும் 1882 என்றும் இருக்கிறது. எதைப் போடுவது?
இரண்டு, நாக்ஸ் நேரில் பார்த்தது எது, பிற நூல்களிலிருந்து எடுத்தது எது? பிரிக்க வழி உண்டா?
மூன்று, படங்களை நம்பலாமா?

#2 பின்புறத்தாள்

முதல் கேள்விக்கு: தலைப்புப் பக்கத்து ஆண்டைப் பார்த்துவிட்டு நிறுத்தாதீங்க, அந்தத் தாளைத் திருப்புங்க. பதிப்புரிமை வரி அங்கே இருக்கும். அந்த ஆண்டுதான் எழுத்து முடிந்து பதிவான ஆண்டு.

ஹார்ப்பர் இந்தத் தொகுதிகளைக் கிறிஸ்துமஸ் விற்பனையைக் கணக்கு வைத்து இறக்கியது. அக்டோபர், நவம்பரில் கடைக்கு வருகிற புத்தகத்தில் அடுத்த ஆண்டை அச்சிடுவது அந்தக் கால வழக்கம். ஜனவரியில் ‘போன வருஷத்துப் புத்தகம்’ ஆகிவிடக் கூடாதே. அதனால்தான் 1881, 1882 குழப்பம். பதிவாண்டு 1881 என்று போடுங்க.

இன்னொரு சிக்கல், மறு அச்சு. அதே அச்சுத் தகட்டை வைத்துப் பல வருஷம் அடிப்பார்கள். தலைப்புப் பக்கத்து ஆண்டு மட்டும் மாறும், இல்லாவிட்டால் ஆண்டே இருக்காது. பதிப்புரிமை வரி அப்படியே நிற்கும். ஆகவே பின்பக்கம் ‘1881’ என்பதால் கையில் இருப்பது முதல் அச்சு ஆகிவிடாது. புத்தகக் கடைசியில் உள்ள விளம்பரத் தாளைப் பாருங்க. அங்கே காங்கோ தொகுதியோ மெக்சிகோ தொகுதியோ விற்பனைக்கு இருந்தால் அந்தப் பிரதி 1880களின் கடைசியிலோ அதற்குப் பிறகோ அடித்தது.

பதிவு வாசகத்திலும் ஒரு தடயம் உண்டு. 1870 சட்டத்துக்குப் பிறகு பதிவு வாஷிங்டன் காங்கிரஸ் நூலகரிடம். அதற்கு முன் மாவட்ட நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தில். நாக்ஸின் உள்நாட்டுப் போர் நூல் 1865இல் வந்தது, ஆகவே அது பழைய முறை. சிறுவர் தொகுதிகள் எல்லாமே புது முறை.

வரிசை வேண்டுமென்றால்: ஜப்பான்–சீனா (1879), சயாம் (இன்றைய தாய்லாந்து)–ஜாவா, இலங்கை–இந்தியா, எகிப்து–புனித பூமி, ஆப்பிரிக்கா. இந்த ஐந்தும் ‘தூரக் கிழக்கு’ என்ற ஒரே தலைப்பின் கீழ் ஐந்து பாகம். எகிப்து எப்படித் தூரக் கிழக்கு ஆச்சு என்று கேட்காதீங்க, விற்கிற தலைப்பை எந்தப் பதிப்பாளர் விடுவார்? பிறகு தென் அமெரிக்கா, ரஷ்யப் பேரரசு, காங்கோ, ஆஸ்திரலேசியா, மெக்சிகோ, பிரிட்டன்–அயர்லாந்து, வட ஐரோப்பா, மத்திய ஐரோப்பா, தென் ஐரோப்பா, கடைசியாக லெவன்ட், அதாவது மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரை நாடுகள். ஒவ்வொன்றும் 400 பக்கத்துக்கு மேல், சிலது 500ஐத் தாண்டும். விலை 3 டாலர். அன்றைக்கு ஒரு பையனின் கைக்காசில் வாங்குகிற புத்தகம் இல்லை. அப்பாவோ மாமாவோ பரிசாகத் தருவது.

#3 சந்தேகப்பிராணி

இவர் ஸ்டான்லியோட ஆப்பிரிக்கா போனாரு, காங்கோ தொகுதி அதுதான்னு ஒரு இடத்துல படிச்சேன். நேர்ல போனவர்னா நம்பலாமே?

#4 பின்புறத்தாள்

போகலை. காங்கோ தொகுதியின் முழுத்தலைப்பை நிதானமாகப் படிங்க: இரண்டு இளைஞர்கள் ஹென்றி ஸ்டான்லியோடு ‘த்ரூ தி டார்க் காண்டினென்ட்’ (இருண்ட கண்டத்தின் ஊடாக) செய்த பயணம். அந்தக் கடைசிச் சொற்களைச் சுற்றி மேற்கோள் குறி இருக்கு. அது கண்டத்தின் பெயர் இல்லை, புத்தகத்தின் பெயர். ஆப்பிரிக்காவைச் சுற்றி ஆராய்ந்த பயணி ஸ்டான்லியின் அந்த நூலை 1878இல் அமெரிக்காவில் வெளியிட்டதும் ஹார்ப்பர்தான். 1874 நவம்பரில் சான்சிபார் பக்கமிருந்து கிளம்பி 1877 ஆகஸ்டில் காங்கோ ஆற்று முகத்துக்கு அருகே உள்ள போமா வந்து சேர்ந்த 999 நாள் பயணம் அது. அதைப் பிள்ளைகளுக்காகச் சுருக்கிக் கொடுத்ததுதான் நாக்ஸின் வேலை.

நூலகப் பட்டியல்களில் மேற்கோள் குறியை விட்டுவிடுகிறார்கள். நாக்ஸ் ஸ்டான்லியின் சகபயணி ஆவது அப்படித்தான்.

#5 குறுக்குத்தந்தி

ஆள் யார் என்று தெரிந்தால் இரண்டாம் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

நாக்ஸ் அமெரிக்க உள்நாட்டுப் போரில் நியூயார்க் ஹெரால்ட் நாளிதழின் போர்ச் செய்தியாளர். 1862 டிசம்பரில் விக்ஸ்பர்க் அருகே சிக்கசா பயூவில் வடதரப்புத் தளபதி ஷெர்மனின் படை தோற்றதை, ஷெர்மனைக் குறை சொல்லி, தணிக்கையைத் தாண்டி அனுப்பினார். 1863 பிப்ரவரியில் ராணுவ நீதிமன்றம். எதிரிக்குத் தகவல் கொடுத்தார், உளவாளி என்ற குற்றச்சாட்டுகள் நிற்கவில்லை. ஆணையை மீறினார் என்பது மட்டும் நின்றது. தண்டனை, படை எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது. லிங்கன் இறங்கிவந்து, ஷெர்மனுக்கு மேலதிகாரியான தளபதி கிராண்ட் சம்மதித்தால் திரும்பலாம் என்று எழுதினார். கிராண்ட் ஷெர்மனைக் கேட்கச் சொன்னார். ஷெர்மன் முடியாது என்று முடித்துவிட்டார்.

இதில் நமக்கு வேண்டியது ஒன்றுதான். தன் செய்தியில் பிழைகள் இருந்ததை நாக்ஸ் ஷெர்மனுக்கே எழுதி ஒத்துக்கொண்டார். விறுவிறுப்பாக எழுதுவார், பிறகு திருத்துவார், அப்படிப்பட்ட கை. சிறுவர் தொகுதிகளிலும் அதே கைதான்.

1866இல் சைபீரியா போனார். அலாஸ்கா, பெரிங் நீரிணை வழியாக ரஷ்யாவுக்குத் தந்தி இழுக்கும் திட்டத்துக் குழுவோடு பசிபிக்கைக் கடந்து, ஆமூர் ஆற்றில் ஏறி, பனிச்சறுக்கு வண்டியில் மேற்கே வந்தார். அதே 1866இல் அட்லாண்டிக் கடலடித் தந்தி வெற்றி பெற்றதால் மறு வருஷம் திட்டத்தையே கைவிட்டார்கள். நாக்ஸின் பயணம் 1870இல் பெரிய புத்தகமாக வந்தது. வெளியிட்டது ஹார்ட்ஃபோர்டின் அமெரிக்கன் பப்ளிஷிங் கம்பெனி, மார்க் ட்வைனுக்கும் அதுதான் பதிப்பகம். முகவர்கள் வீடு வீடாகப் போய் முன்பதிவு பிடித்து விற்கிற முறை.

1875இல் அயர்லாந்தில் நடந்த சர்வதேசத் துப்பாக்கிச் சுடும் போட்டியில், ஒவ்வொரு குண்டும் இலக்குப் பலகையில் எந்த இடத்தில் பட்டது என்பதையே தன் சொந்த முறையில் தந்தியடித்தவர். வரைபடத்தைத் தந்தியில் அனுப்பும் வழியும் கண்டுபிடித்தார். ஆகவே இடம், தூரம், திசை சொல்லும்போது இவர் கை சுத்தம். 1877இல் இரண்டாவது உலகப் பயணம் கிளம்பினார். ஆசியத் தொகுதிகளுக்கு முதலீடு அதுதான்.

#6 சந்தேகப்பிராணி

சயாம் ராஜா விருது கொடுத்தது எதுக்கு? ஹெரால்ட்ல புகழ்ந்து எழுதினதுக்கா?

#7 குறுக்குத்தந்தி

இல்லை. இரண்டாம் தொகுதி, சயாம்–ஜாவா, அதற்காக. மன்னர் சூளாலங்கோர்ன் வெள்ளை யானை விருது தந்தார். அதைப் பெற்ற முதல் அமெரிக்கர் என்று நாக்ஸின் வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. சிறுவர் நூலுக்கு அரச விருது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் தன் நாட்டை வெளியே நல்லவிதமாகக் காட்டவேண்டிய நெருக்கடி அன்றைக்கு சயாமுக்கு இருந்தது. ஒரு பக்கம் பிரிட்டன், ஒரு பக்கம் பிரான்ஸ். விருது பெற்ற நூல் என்பதால் சயாம் பகுதியை இன்னும் சந்தேகத்தோடு படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

#8 கட்டைவெட்டு

மூன்றாம் கேள்வி, படங்கள். நம்பலாமா என்றால், படத்தை நம்பலாம், பக்கத்தை நம்ப முடியாது. சொல்கிறேன்.

அந்தப் படங்கள் மரத்தில் வெட்டியவை. பாக்ஸ் மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் கூர் உளியால் கோடு கோடாக எடுப்பது. பாக்ஸ் மரம் பருமனாக வளராது, துண்டு சில அங்குலம்தான் கிடைக்கும். முழுப்பக்கப் படத்துக்குப் பல துண்டுகளைப் பின்னால் போல்ட் போட்டு இணைப்பார்கள். போல்ட் தளர்ந்தால் இணைப்பில் மயிரிழை வெள்ளைக்கோடு விழும். ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்தால் வானத்துப் பகுதியில் நேர்க்கோடாக ஓடும். அதை ஸ்கேன் கோளாறு என்று அழித்துவிடாதீர்கள்.

கட்டையை நேரே அச்சில் ஏற்றினால் தேயும், பிளக்கும். அதனால் மின்முலாம் தகடு எடுப்பார்கள். கட்டையை மெழுகில் அழுத்தி அச்சு எடுத்து, மெழுகின்மேல் காரீயத்தூள், அதாவது பென்சில் கரி, பூசி, செப்பு சல்பேட் தொட்டியில் மின்சாரம் விட்டால் மெல்லிய செம்புத் தோல் படியும். தோலை உரித்து, பின்னால் ஈயக்கலவை ஊற்றி, பலகையில் பொருத்தி எழுத்தின் உயரத்துக்கு (0.918 அங்குலம்) கொண்டுவருவார்கள். காரீயத்தூள் ஒரே சீராகப் படியாத இடத்தில் செம்பு ஓட்டை விழும். அந்த இடம் அச்சில் வெளுக்கும்.

ஒரு தடவை தகடு எடுத்துவிட்டால் அது சொத்து. கிடங்கில் கிடக்கும். இதழுக்கு அடித்ததை நூலுக்கு, ஒரு நூலுக்கு அடித்ததை இன்னொன்றுக்கு என்று எடுத்து ஓட்டலாம். ஹார்ப்பரிடம் அப்படிப்பட்ட தகடுகள் மலையாகக் கிடந்தன. வாலஸின் ‘மலாய் தீவுக்கூட்டம்’ 1869இல், ஃபிராங்க் வின்சென்ட்டின் ‘வெள்ளை யானை நாடு’ 1874இல், ஷ்வைன்ஃபர்த்தின் ‘ஆப்பிரிக்காவின் இதயம்’ 1874இல், ஸ்பீக்கின் நைல் நூல் 1864இல். நாலும் அமெரிக்காவில் ஹார்ப்பர் போட்டவை. தங்கள் வெளியீடுகளில் முன்பே வந்த படங்களைப் பயன்படுத்தப் பதிப்பாளர் அனுமதித்தார் என்று நாக்ஸ் முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார், மறைக்கவில்லை. 3 டாலருக்கு நூற்றுக்கணக்கான படம் எப்படிக் கட்டுபடியானது என்பதற்கும் அதுதான் பதில்.

விளைவு என்ன? படம் 1860இல் ஒருவர் பார்த்தது, பக்கம் 1877இல் இன்னொருவர் பார்த்தது. உடை மாறியிருக்கும், கட்டடம் எழுந்திருக்கும், படகு வேறாக இருக்கும். சில சமயம் எழுத்தே படத்துக்காக வளையும். பையன் திடீரென்று சம்பந்தமில்லாமல் ஒரு பறவையைப் பற்றிக் கேட்பான், டாக்டர் ஒரு பத்தி சொல்வார், பக்கத்தில் பறவைப் படம் உட்கார்ந்திருக்கும். அங்கே பத்தி படத்துக்குப் பிறந்தது.

சோதிக்க: படத்தின் கீழ் இரு மூலைகளையும் பெரிதாக்குங்கள். வரைந்தவர், வெட்டியவர் கையொப்பம் இருக்கும். பிரெஞ்சுப் பெயரோ, பெயருக்குப் பின்னால் லத்தீன் சுருக்கமோ இருந்தால் ஐரோப்பிய இதழ்களைத் தேடுங்கள். கம்போடியப் படம் என்றால் பாரிஸின் ‘லெ டூர் டு மாந்து’ இதழில் 1863இல் வந்த பிரெஞ்சுப் பயணி ஆன்றி மூஓவின் பயணத்தை முதலில் புரட்டுங்கள். மூஓ 1861இலேயே லுவாங் பிரபாங் அருகே காய்ச்சலில் இறந்துவிட்டார். 1890களில் வந்த தொகுதிகளில் லென்சு வைத்துப் பார்த்து வரிசையான புள்ளிகள் தெரிந்தால் அது ஹாஃப்டோன், புகைப்படத்திலிருந்து வந்தது. அந்தப் படங்களுக்கு இந்தச் சந்தேகம் குறைவு.

ஒரு கிளைக்கதை. ஹார்ப்பரின் அச்சகம் 1853 டிசம்பரில் எரிந்தது. குழாய் வேலைக்காரர் ஒருவர் எரிந்த காகிதத்தைத் தண்ணீர் என்று நினைத்து ஒரு தொட்டியில் போட்டார். அதில் இருந்தது மை உருளை துடைக்கும் காம்ஃபீன், சட்டென்று தீப்பிடிக்கும் திரவம். திரும்பக் கட்டிய அச்சகம் எப்படி வேலை செய்கிறது என்று 1855இல் பிள்ளைகளுக்குப் புரியும்படி ஒரு நூல் வந்தது. எழுதியவர் ஜேக்கப் அபட், ‘ரோலோ இன் யூரோப்’ எழுதிய அதே ஆள். நாக்ஸுக்கு ஒரு தலைமுறை முந்திய சிறுவர் பயண எழுத்தாளர். தகடு வேலை பற்றி இன்னும் வேண்டுமென்றால் அதைப் படிக்கலாம்.

#9 ஏடுதேடி

அருமை. ஆனால் எழுத்தைப் பிரிப்பது எப்படி? படத்துக்குக் கையொப்பம் உண்டு, பத்திக்கு இல்லையே.

#10 குறுக்குத்தந்தி

பத்திக்கும் உண்டு, வேறு மாதிரி. நாக்ஸ் தகவலை மூன்று வாயால் சொல்ல வைக்கிறார்.

டாக்டர் பிரான்சன் பேசினால் பெரும்பாலும் கலைக்களஞ்சியம். மக்கள்தொகை, மன்னர் வரிசை, கோயிலின் நீள அகலம், மதத்தின் வரலாறு. பையன்கள் வீட்டுக்கு எழுதும் கடிதம், ஃபிராங்க் தன் தங்கை மேரிக்கு எழுதுவது போல, அதில்தான் பத்திரிகையாளர் நாக்ஸ் மூச்சு விடுகிறார். வண்டிக்காரன் எவ்வளவு கேட்டான், ஓட்டலில் என்ன கொடுத்தார்கள், கப்பலில் யார் வாந்தி எடுத்தார்கள். மூன்றாவது, ‘கப்பலில் சந்தித்த ஒரு கனவான்’, ‘தோட்டத்துரை ஒருவர்’, ‘கேப்டன் சொன்னார்’. இது காதில் விழுந்தது, புலிக்கதைகள் இங்கேதான் வரும்.

செய்யவேண்டியது: ஒரு அத்தியாயத்தை அச்செடுத்து மூன்று நிறப் பென்சிலால் கோடு போடுங்கள். விலை, பேரம், சுமை, தாமதம், சாப்பாடு, வெயில் எல்லாம் பச்சை. எண், ஆண்டு, அளவு, ராஜவம்சம் நீலம். வேட்டை, பேய், பாம்பாட்டி, ‘சொல்கிறார்கள்’ சிவப்பு. பச்சைக்கு நம்பிக்கை அதிகம், காரணம் உண்டு: 1880களின் தொடக்கத்தில் நாக்ஸ் பெரியவர்களுக்காக ஒரு பயணக் கைநூல் போட்டார், ‘ஹவ் டு டிராவல்’. அதில் பெட்டி, டிப்ஸ், கடல்நோய் பற்றிய அறிவுரை எல்லாம் அதே தொனி. பச்சைப் பத்தியை அதோடு ஒப்பிட்டால் ஒரே கை என்று தெரியும்.

இந்த முறை எங்கே ஏமாற்றும்? கடிதம் என்றாலே கண்ணால் கண்டது என்று முடிவுகட்டக் கூடாது. வறண்ட தகவலை விழுங்க வைக்கவும் அவர் கடித உறையைப் பயன்படுத்துவார். கடிதத்துக்குள் முழு எண்களாக வரிசை கட்டினால் நீலத்துக்கு மாற்றுங்கள்.

வெளிநாட்டவர் நூலிலிருந்து நீளமாக எடுப்பது அன்றைக்கு அமெரிக்காவில் சட்ட மீறலும் இல்லை. 1891 ஜூலை வரை வெளிநாட்டு எழுத்தாளருக்கு அங்கே பதிப்புரிமையே கிடையாது.

#11 சந்தேகப்பிராணி

அப்ப இவர் எழுத்தாளரா, கத்தரிக்கோலா?

#12 கட்டைவெட்டு

இரண்டும். கத்தரிக்கோல் என்று திட்டுகிறவர்கள் பெரும்பாலும் காங்கோ தொகுதியைப் படித்துவிட்டுத் திட்டுகிறார்கள். ஜப்பான் தொகுதியைப் படித்தால் அப்படிச் சொல்ல வராது.

#13 குறுக்குத்தந்தி

அதே சமயம் நேர்மையான கத்தரிக்கோல். அந்தக் காலத்துப் போட்டித் தொடர்களைப் பாருங்கள், பாஸ்டனின் ஹெசகையா பட்டர்வொர்த் எழுதிய ‘சிக்சாக் ஜர்னிஸ்’ அதே 1879 வாக்கில் தொடங்கி 17 தொகுதி ஓடியது. அங்கே ஊரைவிட ஊர்ப்புராணம் அதிகம். நாக்ஸ் ரயில் நேரம் சொல்கிற ஆள். எனக்கு நாக்ஸ்தான் பிடிக்கும். கதையாகப் படிக்க பட்டர்வொர்த் மேல் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

#14 வடலி

இலங்கைப் பகுதி பற்றிக் கொஞ்சம் சொல்லலாம் எண்டு நினைக்கிறன்.

முதல்ல ஊர்ப்பேர். பழைய ஆங்கில நூல்களில ‘பாய்ண்ட் டி கால்’ எண்டு வாறது எங்கட காலி. தயவுசெய்து ‘கால்’ எண்டு எழுதாதேங்கோ, பிள்ளையள் கை கால் எண்டு வாசிக்கும். ட்ரிங்கோமலி திருக்கோணமலை, பட்டிக்கலோ மட்டக்களப்பு, பெரடேனியா பேராதனை. சின்னமன் எங்களுக்குக் கறுவா, உங்களுக்குப் பட்டை. எது வேணுமோ ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு கடைசி வரைக்கும் போங்கோ.

ரெண்டாவது, காலக்கணக்கு. அவர் கிளம்பினது 1877. அப்ப கடிதக் கப்பல் எல்லாம் காலியிலதான் நிக்கும். கொழும்பில அலைதடுப்புச் சுவருக்கு வேல்ஸ் இளவரசர் கல்லு வைச்சது 1875 டிசம்பர், முடிஞ்சது 1885. பிறகு காலி படுத்திட்டுது. ஆனபடியா ஏன் கொழும்பில இறங்கேல்லை எண்டு பிள்ளை கேட்டா உங்களிட்ட பதில் இருக்கவேணும்.

கோப்பியும் அப்பிடித்தான். இலை துரு நோய் 1869இல வந்திட்டுது, ஆனா விலை நல்லா இருந்ததால 1870களில ஆருக்கும் பெரிசாத் தெரியேல்லை. 1880களில விழுந்துது. தேயிலை 1867இல லூல்கந்துரையில ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில போட்டதோட சரி, அப்ப சின்ன விசயம். அந்தக் காலத்து நூலில கோப்பித் தோட்டம் கூடவும் தேயிலை குறையவும் இருந்தா பிழை எண்டு குறிப்பு எழுதிப்போடாதேங்கோ. அந்தத் தோட்டங்களில நிண்டது தமிழ்நாட்டில இருந்து நடந்து வந்த சனம். எந்தத் தோட்ட வர்ணனையிலயும் துரையின்ர பங்களா ரெண்டு பக்கம் வரும், அந்தச் சனம் இருந்த லயத்துக்கு, வரிசை வீட்டுக்கு, ரெண்டு வரி வரும். அங்க உங்கட குறிப்புத்தான் கதைக்கவேணும்.

மூண்டாவது, இதுதான் முக்கியம்: ‘கட்டமரான்’.

#15 ஏடுதேடி

கட்டுமரம்தானே? அதில் என்ன சிக்கல்?

#16 வடலி

சொல் எங்கடைதான், பொருள் மாறிப்போச்சு. கட்டுமரம் எண்டா மரக்குத்திகளைக் கயித்தால சேர்த்துக் கட்டினது. உள்ள குழி இல்லை, தண்ணி மேல ஏறி அப்பிடியே வடியும், கவிழ்ந்தாலும் தாழாது. சென்னைக் கரையில வெள்ளைக்காரர் கண்டது அது. அங்க இருந்து காலிக்கு வந்தவங்கள், அங்க நிண்ட வேற ஒரு தோணியையும் அதே சொல்லால எழுதத் தொடங்கிட்டாங்கள். காலித் தோணி குடைஞ்ச மரம். இடுக்கான உடல், மேல பலகை கட்டி உயர்த்தினது, ஒரு பக்கம் மட்டும் ரெண்டு வளைஞ்ச கம்பில ஒரு மிதவைக் கட்டை. சிங்களத்தில ஒருவ எண்டுவாங்கள். இண்டைக்கு ரெண்டு உடல் உள்ள பாய்ப்படகையும் உலகம் கட்டமரான் எண்டுதான் சொல்லுது.

அதால ஆங்கிலத்தில ‘கட்டமரான்’ எண்டு கண்ட உடன ‘கட்டுமரம்’ எண்டு போட்டிடாதேங்கோ. விவரணையைப் பாருங்கோ: குத்திகள், கயிறு எண்டா கட்டுமரம். மிதவை, கம்பு, இடுக்கான உடல் எண்டா மிதவைத் தோணி. படம் இருந்தா படத்தையும் பாருங்கோ, கட்டைவெட்டு சொன்ன மாதிரி படம் வேற ஊரா இருக்கலாம் எண்டதையும் மறக்காதேங்கோ.

#17 கட்டைவெட்டு

இதைச் சொன்னதற்கு நன்றி வடலி. ஒன்றைச் சேர்க்கலாம், மசூலா படகு. மெட்ராஸ் கடற்கரை வர்ணனை எதிலும் அது வரும். பலகைகளை ஆணி இல்லாமல் தென்னங்கயிற்றால் தைத்தது. ஏன் ஆணி கிடையாது? அலை கரையில் தூக்கி அடிக்கும்போது படகு வளைந்து கொடுக்க வேண்டும். ஆணி அடித்த படகு விறைப்பாக நின்று பலகை பிளக்கும். மெட்ராஸில் துறைமுகக் கட்டுமானம் 1870களின் நடுவில்தான் தொடங்கியது, முடியும் தறுவாயில் 1881 நவம்பர் புயல் அடித்துப் போட்டுவிட்டது. அதுவரை கப்பல் வெளியே நிற்கும், ஆள் மசூலாவில் வரவேண்டும்.

#18 பின்புறத்தாள்

சொற்களைப் பற்றிப் பேசுவதால்: திரும்பி வருகிற தமிழ்ச்சொற்களை வேறு வேடத்தில் விட்டுவிடாதீங்க. செரூட் சுருட்டு. காயர் கயிறு. மல்லிகடானி மிளகுத்தண்ணி. பீட்டல் வெற்றிலை, அது மலையாளம் வழியாகப் போர்ச்சுகீசியம் போய்ச் சுற்றி வந்தது. கூலி கூலியே, ஆனால் ஆங்கிலத்தில் அது ஆளைக் குறிக்கும், தமிழில் சம்பளத்தையும் குறிக்கும். வாக்கியத்தைப் பார்த்து ‘கூலியாள்’ என்று போடுங்க.

அளவுகள்: சீனா, மலாய் பகுதிகளில் காட்டி என்றால் 1⅓ பவுண்டு, சுமார் 605 கிராம். 100 காட்டி ஒரு பிக்குல், அதாவது 133⅓ பவுண்டு, ஏறத்தாழ 60.5 கிலோ. ‘டாலர்’ என்று வந்த உடனே அமெரிக்க டாலர் என்று எடுக்காதீங்க. கீழைத் துறைமுகங்களில் ஓடியது மெக்சிக வெள்ளி டாலர். எந்த ஊரில் நின்று சொல்கிறார் என்று பார்த்து முடிவு பண்ணுங்க. பிள்ளைகளுக்கான பதிப்பில் இன்றைய ரூபாய்க்கு மாற்றவே வேண்டாம். அதே பக்கத்தில் வேறொன்றின் விலை இருந்தால் அதோடு ஒப்பிட்டுச் சொன்னால் போதும்.

#19 சந்தேகப்பிராணி

பிடிஎஃப்ல தேடினா பாதி ஊர் சிக்க மாட்டேங்குது. ஓசிஆர் மோசமா?

#20 பின்புறத்தாள்

ஓசிஆர், அதாவது ஸ்கேனில் உள்ள எழுத்தைக் கணினி படிப்பது, பாதி; எழுத்துக்கூட்டல் பாதி. நாக்ஸ் டோக்கியோவை ‘டோகியோ’ என்கிற கூட்டலில் எழுதுவார், ஃபூஜி மலை ‘ஃபூசியாமா’. காமகுராவின் பெரிய புத்தர், தாய்பூத்சு, அத்தியாயத் தலைப்பிலேயே ‘டாய்-பூட்ஸ்’. இன்றைய கூட்டலில் தேடினால் ஒன்றும் வராது. முதலில் பொருளடக்கத்தைக் கண்ணால் படித்து அவர் கூட்டலைப் பட்டியல் போட்டுக்கொண்டு பிறகு தேடுங்க.

ஓசிஆர் சறுக்குவது இங்கே: படத்தைச் சுற்றி எழுத்து ஓடும் பக்கங்களில் படக்குறிப்பு வாக்கியத்தின் நடுவில் புகுந்துவிடும். ‘ஃபிராங்க் படகில் ஏறி’ என்பதற்கும் ‘உட்கார்ந்தான்’ என்பதற்கும் நடுவே ஒரு கோயில் பெயர் நிற்கும். வரி முடிவில் உடைந்த சொல்லும் ஒட்டாது. ஆகவே ஒரு வரியில் சந்தேகம் என்றால் பட ஸ்கேனுக்குத்தான் போகவேண்டும்.

இலவச மின்னூல் தளமான ப்ராஜெக்ட் குட்டன்பெர்க்கில் உள்ள தொகுதிகள் மனிதர் மெய்ப்புப் பார்த்தவை, எழுத்துக்கு அவை நல்லவை. ஆனால் அங்கே படங்களைப் பத்தி முடிவுக்கு நகர்த்துவார்கள். ‘பத்தி படத்துக்குப் பிறந்ததா’ என்ற சோதனைக்கு மூலப் பக்கத்தின் ஸ்கேன் வேண்டும். இன்டர்நெட் ஆர்க்கைவில் ஒரே தொகுதிக்கு ஒன்றுக்கு மேல் பிரதி இருந்தால், நூலகம் மறுகட்டு போடாத பிரதியைத் தேர்ந்தெடுங்க. மறுகட்டில் முதலில் போவது அட்டை உள்பக்கத் தாள்கள், அங்கே இருக்கும் நிலப்படமும் சேர்ந்து போய்விடும். அடையாளம் சுலபம்: அசல் அட்டை படம் பொறித்த துணி. வெறும் ஒற்றை நிறத்தில் எண் மட்டும் ஒட்டியிருந்தால் மறுகட்டு.

உரிமைச் சிக்கல் கிடையாது, ஆள் 1896 ஜனவரியில் இறந்துவிட்டார்.

#21 ஏடுதேடி

கடைசியாக ஒன்று. அந்தக் காலத்து இனம், சாதி, மதம் பற்றிய வாக்கியங்களை வெட்டுவதா, வைப்பதா?

#22 குறுக்குத்தந்தி

பிள்ளைகளுக்கான தேர்வு என்றால் அத்தியாயத்தையே மாற்றிக்கொள்ளலாம், அது வெட்டு ஆகாது. எடுத்த அத்தியாயத்துக்குள் வெட்டினால் மூன்று புள்ளி வைத்து அடியில் சொல்லிவிடுங்கள். வாக்கியத்தை மென்மையாக்கி மொழிபெயர்ப்பதுதான் மோசம். நாக்ஸ் சொல்லாததை நாக்ஸ் வாயில் வைப்பது அது.

வெட்டாமல் விட்டதை விடச் சொல்லாமல் விட்டதைப் பாருங்கள். 1876–78 சென்னை மாகாணம் பஞ்சத்தில் கிடந்த காலம். பயணம் கிளம்பியது 1877. இந்திய அத்தியாயங்களில் பஞ்சத்துக்கு எத்தனை வரி, அரண்மனைக்கும் யானைக்கும் எத்தனை பக்கம் என்று எண்ணி அந்த இரண்டு எண்ணையும் குறிப்பில் போடுங்கள். வேறு விளக்கம் எழுத வேண்டியதில்லை.

#23 வடலி

எண்ணேக்க படங்களையும் எண்ணுங்கோ. ஆனையின்ர படம் எந்த நூலில இருந்து வந்தது எண்டதையும்.

#24 ஏடுதேடி

சரி. பென்சில் மூன்றும் வாங்கியாயிற்று. காலி அத்தியாயத்தில் தொடங்குகிறேன். கோடு போட்ட பக்கங்களை இங்கேயே ஏற்றுகிறேன். நீலத்தில் விட்டதைப் பச்சை என்று நினைப்பவர்கள் சொல்லுங்கள்.